‘போறேன்’ என்று முடியும் நாடகம்

எனக்கு இப்போதெல்லாம் அலுப்பு உடம்பில் இல்லை, கண்ணில் இருக்கிறது. வருஷம் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிறவனுக்கு வேறு எங்கே இருக்கும்? தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் பெரியப்பா ஒருத்தர் கேமராவுக்குக் குறுக்கே வந்து நிற்பார். அவரை வெட்டினால் மாப்பிள்ளை வீட்டில் கோபம், விட்டால் பெண் வீட்டில் கோபம். இந்தப் பிழைப்புக்கு நடுவில்தான் நானும் என் கேமராமேனும் சேர்ந்து குறும்படம் எடுப்போம். அவன் எனக்குச் சொந்தமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள. நான் சொல்லப்போகிற படத்துக்கு முன்னால் நாங்கள் எடுத்த படங்களை நாங்களும் எங்கள் வீட்டுக்காரிகளும் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அவர்கள் பாதியில் எழுந்து சோறு வடிக்கப் போய்விட்டார்கள்.

இந்த ஒரு படமும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று எனக்குப் பயம் இருந்தது. ஏனென்றால் கதை எங்களுடையது இல்லை. மதுரையில் நாடகம் பார்க்கிற பழக்கம் உள்ள யாரைக் கேட்டாலும் தெரிந்த நாடகம் அது. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு, வாசல் என்று சொல்லித் தொங்கவிட்ட ஒரு துணி. புருஷன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பான். பெண்டாட்டி சமைப்பாள், பெருக்குவாள், மகள் படிப்பைப் பற்றிப் பேசுவாள், கால் வலியைப் பற்றிப் பேசுவாள். எல்லாவற்றுக்கும் அவன் ‘ம்’ என்பான். கடைசியில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்று, “போறேன்” என்பாள். அவன் திரும்ப மாட்டான். விளக்கு அணையும்.

அம்புட்டுத்தான் நாடகம். ஆனால் நம் ஊரில் தெருமுனைக்குப் பால் வாங்கப் போகிறவள்கூட ‘போயிட்டு வாரேன்’ என்றுதானே சொல்வாள்? வாய் தவறி ‘போறேன்’ என்று வந்துவிட்டால், உள்ளேயிருந்து யாராவது ‘போயிட்டு வாரேன்னு சொல்லு’ என்று அதட்டுவார்கள். அதனால் மேடையில் அந்த வார்த்தை விழுந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ‘அய்யய்யோ’ என்று ஒரு சத்தம் வரும். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு திடலில் போட்டபோது ஒரு அம்மா எழுந்து நின்று, “யோவ், எந்திரிச்சுப் போய்க் கூப்பிடுய்யா! கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, நீயெல்லாம் மனுசனா?” என்று கத்திவிட்டார். நாற்காலியில் இருந்தவர் அப்போதும் அசையவில்லை.

அந்த நாற்காலியில் எப்போதும் உட்காருகிறவர் நாடகத்தை எழுதியவர்தான், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அரசாங்க ஆபீஸில் வேலை, வேலை விட்டால் நாடகம். வீட்டில் ஆள் கிடையாது. அண்ணி எப்போதோ ஒருநாள் திருவாதவூரில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. நாடகம் அதற்கு அப்புறம் எழுதியது. அது எங்கிருந்து வந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

படம் எடுக்கிறேன் என்று நான் கேட்கப் போனபோதெல்லாம் ‘பாப்போம்’ என்பார். இந்தத் தடவை என்னவோ ‘சரி’ என்றார். எனக்கே நம்ப முடியவில்லை.

“எதை வேணா மாத்திக்கடா. அடுப்ப கேஸ் ஸ்டவ் ஆக்கு, பேப்பர செல்போன் ஆக்கு. அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் தொடக் கூடாது. தொட்ட, படம் கெடையாது பாத்துக்க.”

“அதத் தொடுவேனாண்ணே?” என்றேன். வாய் இருக்கிறதே, அது எதையும் யோசிக்காமல் சத்தியம் பண்ணிவிடும்.

பெண்டாட்டியாக, நாடகத்தில் எப்போதும் நடிக்கிற அக்காவையே போட்டோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை. கேமராவுக்கு முன்னாலும் அப்படியே பேசினார். “அக்கா, மைக்கு உங்க சேலையிலயே இருக்குக்கா” என்று நான் சொன்னால், “தெரியும்ப்பா!” என்பார், அதையும் கடைசி வரிசைக்கு. மாப்ள ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டான்.

வீடு வில்லாபுரத்தில், மாப்ளையின் அத்தை வீடு. அடுப்படியில் கேமராவை வைத்தால் கூடம் தெரியும், கூடத்துக்கு அந்தப் பக்கம் வாசல் தெரியும், வாசலில் வெளிச்சம் கொட்டும். அந்த வாசலுக்காகத்தான் அந்த வீடு. ஆனால் நாங்கள் நாள் குறித்த பிறகு அத்தையின் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மகன் அங்கே துணைக்கு இருந்தான். படப்பிடிப்புக்கு மறுநாள் ஆபரேஷன். தள்ளி வைக்கிறோம் என்று நாங்கள் சொன்னதற்கு அத்தை, “எடுக்கச் சொல்லிட்டேன்ல, எடுங்கப்பா. தனியா உக்காந்து நான் மட்டும் என்ன செய்யப் போறேன்? வீட்டுல ஆள் நடமாட்டம் இருந்தா எனக்கும் நல்லாருக்கும்” என்றார்.

படப்பிடிப்பைப் பற்றி என்ன சொல்ல? ஆடி மாசம். தெருக்கோடி அம்மன் கோயில் ஸ்பீக்கர் காலையிலிருந்து அலறியது. போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினோம். ஸ்பீக்கர்காரர், “உங்க படத்துக்காக ஆத்தாவ வாயப் பொத்தச் சொல்றீகளா?” என்று கேட்டுவிட்டுத்தான் சத்தத்தைக் குறைத்தார். அது குறைந்தால் ஏர்போர்ட்டுக்குப் போகிற விமானம் தலைக்கு மேலே இறங்கியது. விமானம் போனால் கரண்ட் போனது. கரண்ட் வந்தபோது அக்காவுக்கு வேர்த்துப் பவுடர் எல்லாம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. சீச்சீ, கல்யாண வீடே தேவலை, அங்கே சாப்பாடாவது போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் படம் தேறவில்லை என்றால் இனிமேல் கேமராவைத் தாலி கட்டுகிற இடத்தில் மட்டும் எடுப்பது என்று எனக்குள் முடிவும் பண்ணிவிட்டேன்.

மத்தியானம் கடைசிக் காட்சிக்கு வந்தோம். அண்ணன் வாசலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், நிலைப்படிக்குப் பக்கத்தில் நின்றார்.

“போயிட்டு வாரேன்.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்காவே நாக்கைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக ஊர் ஊராகப் போய் அந்த ஒரே வார்த்தையைச் சொன்னவர். மறுபடியும் ஒத்திகை பார்த்தோம். மறுபடியும் “போயிட்டு வாரேன்.” இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“என்னக்கா?”

“தெரியலப்பா. மேடையில துணிதான தொங்கும். இங்க நிசமாவே நிலை இருக்கு, மஞ்சள் பூசிருக்கு, மேல மாவிலை தொங்குது. வாய் தானா அப்பிடி வருது.”

மூன்றாவது தடவை கண்ணை மூடித் திறந்து, கஷ்டப்பட்டுச் சொன்னார். “போறேன்.” அதுவும் அந்தத் தொண்டையில். நான் நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பேன், அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து அத்தை கரண்டியோடு வந்து நின்றார்.

“இந்தாங்கப்பா, என்ன இது? எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டுப் போறேன்னு சொல்றா?”

“நடிப்பு அத்தை. படத்துல வர்றது” என்றேன்.

“வாசலுக்குத் தெரியுமாப்பா நடிப்புன்னு?” அத்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. “மனுசன் அங்க ஆஸ்பத்திரியில கெடக்காரு. இன்னிக்குப் போய், இந்த வாசல்ல நின்னு... வேண்டாம்ப்பா. உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்.”

மாப்ள தலையைக் குனிந்துகொண்டான். நான் அண்ணனைப் பார்த்தேன்.

“சும்மா வாய மட்டும் அசைக்கட்டும், குரல அப்புறம் போட்டுக்குவோம்” என்றான் மாப்ள. “வாயசைச்சாலும் சொன்னதுதான்டா” என்றார் அத்தை. அப்படியானால் படத்துக்கு மட்டும் ‘போயிட்டு வாரேன்’ என்று வைத்துக்கொள்ளலாமா என்று நான்தான், அறிவு கெட்டவன், கேட்டேன்.

அண்ணன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அப்ப எல்லாத்தையும் மூட்ட கட்டு. வீட்டுக்குப் போவோம்.”

“அண்ணே...”

“மத்ததெல்லாம் நான் எழுதுனதுடா, என்ன வேணா பண்ணிக்க. அந்த வார்த்தைய நான் எழுதல.”

அண்ணன் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தைக்கு விஷயம் புரிந்திருக்க வழியில்லை, ஆனாலும் கரண்டியைக் கீழே இறக்கினார். ஸ்பீக்கர் சத்தம் மறுபடியும் ஏறத் தொடங்கியது.

வழி கண்டுபிடித்தது அக்காதான். “நான் தெருப்பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறேன். வாயத் தெறக்கவே மாட்டேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுச் செருப்பப் போட்டுக்கிட்டு நடந்துர்றேன். வார்த்தைய வேற எங்கயாச்சும் போய்ச் சொல்லி அந்த எடத்துல ஒட்டிக்கங்க. இந்த வீட்டுல சொல்ல வேண்டாம். என்னம்மா, சரிதானா?”

“சொல்ல மாட்டேல்ல?” என்றார் அத்தை.

“சத்தியமாச் சொல்ல மாட்டேன்.”

அண்ணன் மனசே இல்லாமல் திரும்பவும் உட்கார்ந்தார். நான் ஓடிப் போய் ஸ்பீக்கர்காரரிடம் இன்னொரு தடவை கெஞ்சிவிட்டு வந்தேன். விமானம் ஒன்று கடந்து போகக் காத்திருந்தோம். அப்புறம் கேமராவை ஓடவிட்டோம்.

அக்கா கையைத் துடைத்தார். கூடத்தைக் கடந்து போனார். வாசலில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நின்றார். அந்த வார்த்தையைச் சொல்கிற அளவுக்கு நேரம் நின்றார். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. காலால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்குப் பக்கத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த அத்தைக்கு என்ன ஆனதோ. ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைவிட்டு இறங்கிப் போகிறாள், அவ்வளவுதான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வாய்விட்டுக் கூப்பிட்டார்.

“ஏத்தா! போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போத்தா!”

அண்ணன் நிமிர்ந்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

இத்தனை வருஷத்தில், எந்த ஊரிலும், கொட்டாம்பட்டியில் அந்த அம்மா அம்புட்டுத் திட்டு திட்டியும் திரும்பாத மனுசன். வாசலில் யாரும் இல்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது. அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்தார், அப்படியே நின்றார். நான் கட் சொல்லவில்லை. மாப்ளையும் கேமராவை நிறுத்தவில்லை. தெருவில் போன ஆட்டோ சத்தம் வரைக்கும் எல்லாம் பதிவாகியிருக்கிறது.

அத்தைதான் முதலில் பேசினார். “அய்யோ, கெடுத்துட்டேனாப்பா? வாய் தவறி வந்துருச்சுய்யா. சொல்லாமக் கொள்ளாமப் போறாளேன்னு ஒரு மாதிரி ஆகிப்போச்சு.”

“பரவாயில்லம்மா” என்றார் அண்ணன். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சாமான்களை எடுத்து வைத்துவிட்டு ஒவ்வொருத்தராகக் கிளம்பினோம். ஒவ்வொருத்தரும் “போயிட்டு வாரோம் அத்தை” என்று சொன்னோம். அத்தை ஒவ்வொருத்தருக்கும் “வாங்கப்பா” என்றார். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமா இப்போது உப்பில்லாத சோற்றைத் திட்டிக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில், நான் வீடியோ வெட்டி ஒட்டுகிற என் கடையில், கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அக்காவைச் சொல்லவைத்தேன். ஒரே தடவையில் சொல்லிவிட்டார். என் கடையில் என்ன நிலையா, மாவிலையா. இத்தனை வருஷமாக மேடையில் சொன்னதையெல்லாம்விட நன்றாகச் சொன்னார், மெதுவாக, கடைசி வரிசையை மறந்து. அதை எடுத்து அக்கா வாசலில் நிற்கிற இடத்தில் ஒட்டினேன். அத்தையின் குரலை வெட்டிவிட்டு ஒன்று, வெட்டாமல் ஒன்று என இரண்டு விதமாகப் போட்டு அண்ணனுக்குக் காட்டினேன்.

இரண்டையும் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அந்த அம்மா குரல் இருக்கட்டும். ‘போறேன்’ங்கிறத எடுத்துரு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வார்த்தைக்காக அத்தையிடம் பேச்சு வாங்கி, ஸ்பீக்கர்காரரிடம் பேச்சு வாங்கி, நாய் மாதிரி அலைந்திருக்கிறேன். “என்னண்ணே வெளையாடுறீங்களா? அதத் தொட்டாப் படமே கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“அப்புறம்?”

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் பாதி எழுந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“அவ சொன்னதையே இம்புட்டு நாளா ஊரெல்லாம் சொல்லிக் காட்டிட்டேன்டா, போறேன்னு சொன்னா, போறேன்னு சொன்னான்னு. போயிட்டு வாரேன்னு சொல்லுன்னு சொல்றதுக்கு அன்னிக்கு எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான இருந்தேன்.”

நான் அந்த வார்த்தையை அழித்தேன்.