ஒரு ‘ம்’முக்கு எத்தனை அர்த்தம்

எங்கள் பழைய காரின் பிரேக் மிதி பஞ்சு போல அமுங்கியது. மறுநாள் காலை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். எங்கள் ஊரான பெரார்கஞ்சிலிருந்து போகிற வழியோ இறக்கம். பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டு, வீட்டின் முதல் பட்டதாரியான நான் சக்கரத்தடியில் படுத்தேன். மிதியை அழுத்தும் வேலை அப்பாவுக்கு; அவர் அழுத்தும்போது சக்கரத்தின் பின்னால் உள்ள திருகை நான் திறந்தால், பிரேக் எண்ணெயோடு காற்றும் வெளியேறும்.

“நான் திருகை மூடுற வரைக்கும் காலை எடுக்காதீங்கப்பா.”

“டீக் ஹை, சரிடா.”

ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் வழியும் எண்ணெயைப் பிடிக்கப் பாட்டில். திருகின் ரப்பர் மூடி பல்லிடுக்கில் இருந்ததால், ‘பிடியுங்கள்’ என்பதற்கும் ‘ம்’, ‘விடுங்கள்’ என்பதற்கும் ‘ம்’ என்றேன். முதல் ‘ம்’முக்கே அப்பா காலை எடுத்துவிடுவார். வெளியே போன காற்று திரும்ப உள்ளே போகும். நாலு முறை இதே கதை.

“நீதானேடா ‘ம்’ன்னு சொன்னே?”

வாசலில் நின்ற அம்மா சிரித்தார். “நான் எத்தனை வருஷமா ‘ம்’ன்னு சொல்றேன், ஒன்னாச்சும் உங்களுக்கு வெளங்கியிருக்கா? எறங்குங்க, நான் மிதிக்கிறேன்.”

நான் மூடியைத் துப்பினேன். “விடுன்னு சொன்னாத்தான் விடணும்மா.”

நான் சொல்லும்வரை அம்மா விடவில்லை. மிதி இறுகியது.

மறுநாள் இறக்கத்தில், பின்சீட்டிலிருந்து அப்பா கேட்டார்: “பிரேக் புடிக்குதா?”

அம்மாவும் நானும் ஒன்றாகச் சொன்னோம்: “ம்.”