ஹாரன் அடித்தால் நிற்கும் வண்டி

ஒயர்க்காரர் என்றால்தான் அந்தச் சந்தில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். இருபத்தாறு வருடமாக மோட்டார் சைக்கிள் ஒயரிங். கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார் என்று பேச்சு. அந்த வாரம் நிஜமாகவே அப்படித்தான் செய்தார், அவ்வளவு அசதி.

எல்லாம் மச்சானால், அதாவது மனைவியின் தம்பியால். அவன் பால் டிப்போவில் லோடு அடிக்கிறவன். அவனுடைய பழைய வண்டி ஹாரனை அழுத்தினால் நின்றுவிடும். நாய் குறுக்கே வந்தால் ஒன்று நாயை இடிக்க வேண்டும், இல்லை வண்டியைத் தள்ள வேண்டும். இரண்டு நடை பால் வழியிலேயே திரிந்துவிட்டது. இன்னொரு தடவை ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக டிப்போ மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றைய லோடு மத்தியானம் இரண்டு மணிக்கு.

ஒயர்க்காரர் பேட்டரியை மாற்றினார். ரெகுலேட்டரை மாற்றினார். ஹாரனையே மாற்றினார், புதுசு இன்னும் சீக்கிரமாக நிறுத்தியது. இந்த வண்டி வாய் திறந்தால் மூச்சு நிற்கிறது, என் மாமியாருக்கு வாய் மூடினால்தான் நிற்கும் என்று டீக்கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். ஒயர்க்காரருக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஒரு மணிக்கு டெஸ்ட் பல்பை எடுத்தார். முதலிலேயே எடுத்திருக்க வேண்டியது. ஒரு முனையை பேட்டரியின் பிளஸ்ஸில் வைத்து, மறுமுனையை மைனஸில் தொட்டார். பளிச். வண்டியின் சட்டத்தில் தொட்டார். அழுமூஞ்சியாக ஒரு மினுக்கல். எர்த்து சரியில்லை. எர்த்து ஒயரைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினால், அடியில் இரண்டு கோட்டு கறுப்புப் பெயிண்ட். அதன்மேல் முறுக்கினால் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும்? வருகிற கொஞ்சத்தையும் ஹாரன் இழுத்துக்கொண்டால் இன்ஜினுக்கு மிச்சமில்லை.

"எந்த மடையன்டா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். மச்சான் வேலைக்குச் சேர்ந்தபோது, வண்டி பளபளவென்று இருக்கட்டும் என்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

உப்புத்தாளால் சுரண்டி போல்ட்டை முறுக்கினார். வண்டியை எடுக்க வந்து நின்ற மச்சான் ஸ்டார்ட் பண்ணி ஹாரனை அழுத்தினான். இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடியது.

"என்ன மாமா கோளாறு?"

எலி கடித்திருந்தது என்று சொல்லலாம். எலி வந்து மறுக்கப்போவதில்லை.

"நான் அடிச்ச பெயிண்ட்டுதான். எர்த்தை மூடிட்டேன்."

"அப்ப ரெண்டு நடை பால் திரிஞ்சது உங்களாலயா?"

"ஆமா."

"அதை டிப்போவுல வந்து சொல்லுங்க. என்னைச் சோம்பேறின்னு நெனச்சிட்டிருக்காரு அந்த ஆளு."

ஒயர்க்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்சீட்டில் ஏறினார். வேலையில் தப்பு பண்ணினேன் என்று இத்தனை வருடத்தில் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் போடா மச்சான்," என்றார்.

"முடியாது மாமா. மணி ஒன்னே முக்கால்."