வரிசையில் முதல் ஆள்

என் வீட்டுக்காரி பிடித்தால் உடும்புப் பிடி. கல்யாணமான புதிதிலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. என் அக்காவுக்கு விளங்கத்தான் நாளாயிற்று.

என் வீட்டுக்காரிக்குச் சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற சாயத்தொட்டியில் நூல் கட்டுகளை முக்கிப் புரட்டி எடுக்க வேண்டும். சாயம் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, துழாவுகிற கம்பின் நுனியில் சொட்டுவதை ஆள்காட்டி விரலில் வாங்கி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். இவள் இடதுகைக்காரி. பட்டறையில் பெரும்பாலும் ஓடுவது நீலம். ஆகவே இவளுடைய இடது ஆள்காட்டி விரலை நான் வேறு நிறத்தில் பார்த்ததே கிடையாது.

போன உள்ளாட்சித் தேர்தலில் வினை அந்த விரலில்தான் வந்து உட்கார்ந்தது. என் அக்கா எங்கள் வார்டில் நின்றாள். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீடு வீடாக வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். அதைக் கேட்க நாதியில்லை என்றுதான் நின்றாள். நான் காலையிலேயே ஓட்டைப் போட்டுவிட்டு என் சைக்கிள் கடையைத் திறந்துவிட்டேன். இவள் மத்தியானம் பட்டறையிலிருந்து அப்படியே ஓடினாள். விரலில் மை வைக்கிறவர் இவள் கையைப் பார்த்தார்.

“ஏம்மா, ஏற்கெனவே போட்டுட்டு வந்திருக்கீங்களே.”

“இது சாயம் சார்.”

“எல்லாரும் ஏதாவது சொல்லுவாங்க. நகருங்க.”

பின்னால் நின்ற எவனோ, “கள்ள ஓட்டுப்பா, வழி விடுங்க” என்றான். வரிசை மொத்தமும் சிரித்திருக்கிறது. இவள் கூச்சத்தில் ஓட்டுப் போடாமலே திரும்பிவிட்டாள்.

அக்கா தோற்றாள். ஒரே ஒரு ஓட்டில்.

நடந்ததைச் சொன்னபோது அக்கா நம்பவில்லை. “உன் பொண்டாட்டி விரல் என்னைக்குத்தான் நீலமா இல்ல? போடக் கூடாதுன்னு நெனச்சுட்டா. அதுக்கு ஒரு சாக்கு” என்று என்னிடம் சொன்னாள். இவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இடி இரண்டு வீட்டிலும் விழுந்தது.

இந்தத் தடவை அக்கா மறுபடியும் நின்றாள். எங்கள் தெருவில் வாசல் வாசலாக ஏறி இறங்கியவள், எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனாள். கூட வந்தவள் தயங்கியபோது, “அந்த வீட்டு ஓட்டு எனக்கு வேணாம்” என்றாள், ஜன்னலுக்குள் கேட்கிற மாதிரியே. உள்ளே இருந்த எனக்குச் சுருக்கென்றது.

இவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “வேணாம்னா போகட்டும். என் ஓட்டை நான் போடுவேன். என்னைக் கள்ளின்னு சொன்ன அதே எடத்துல போடுவேன்.”

அன்றே ஆரம்பித்துவிட்டது. எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், செங்கல் தூள் என்று வீட்டில் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அந்த விரலைத் தேய்த்தாள். “கொஞ்சம் மிச்சம் வை, மை வைக்க விரல் வேணும்ல” என்றேன். முறைத்த முறைப்பில் கடைக்கே போய்விட்டேன். பட்டறையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டுதான் தொட்டிப் பக்கம் போனாள். வலது கையால் பதம் பார்த்தாள், சரியாக வரவில்லை என்று முதலாளியம்மா திட்டினாள், வாங்கிக்கொண்டாள். தேர்தல் நெருங்க நெருங்க விரலில் நீலம் வெளுத்து, அடியிலிருந்து தோல் நிறம் தெரிய ஆரம்பித்தது. சாப்பிடும்போதுகூட அந்தக் கையை மடியில் பத்திரமாக வைத்திருப்பாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் பட்டறையில் அவசர வேலை. ஆவி மண்டிக் கிடக்கிறது, ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். முதலாளியம்மா அந்தக் கோடியிலிருந்து, “பதம் வந்துடுச்சா பாரு, சீக்கிரம்” என்று கத்தியிருக்கிறாள். இவள் உறையைக் கழற்றினாள், கம்பைத் தூக்கினாள், சொட்டை விரலில் வாங்கித் தேய்த்தாள். “வந்துடுச்சு” என்று பதிலும் சொன்னாள். அதற்கப்புறம்தான் கையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து விரலை என் முன்னால் நீட்டினாள். பழையபடி கருநீலம்.

“கை அது பாட்டுக்குச் செஞ்சுடுச்சுங்க” என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “விடு, ஒரே ஒரு ஓட்டுதானே” என்று சொல்லித் தொலைத்தேன்.

“ஒரே ஒரு ஓட்டா?” என்றாள். “அந்த ஒண்ணுக்காகத்தாங்க உங்கக்கா இத்தனை வருஷமா என் மூஞ்சியில முழிக்கல.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். பயனில்லை என்று தெரிந்தும் வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

“ஏங்க, காலையில எத்தனை மணிக்கு ஆரம்பிப்பாங்க?”

“ஏழுக்கு.”

“முதல் ஆளா நான் போய் நின்னா?”

“நின்னா என்ன?”

“எனக்கு முன்னாடி யாருமே போட்டிருக்க முடியாதுல்ல. அப்புறம் என்னை மட்டும் எப்படிப் போட்டுட்டேன்னு சொல்லுவாங்க?”

எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனைக்கும் தெருவில் என்னை விவரமானவன் என்பார்கள்.

விடிவதற்குள் ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூட வாசலில் நின்றோம். முதலில் அவள், அடுத்து நான். கொஞ்ச நேரத்தில் கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்தார். “எப்பவும் நான்தாம்மா முதல்ல போடுவேன்” என்று சிணுங்கினார். “அடுத்த தடவை போடுங்க ஐயா, இன்னைக்கு விட மாட்டேன்” என்றாள் இவள்.

கதவு திறந்தது. மை வைக்கிறவர் இவள் விரலைப் பார்த்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

“சார், கதவை இப்பதான் திறந்தீங்க. எனக்கு முன்னாடி யாராவது போட்டாங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப இது என்ன?”

அவர் குனிந்து பார்த்தார். “சாயம் மாதிரி தெரியுது.”

“சாயம்தான் சார். மையைச் சுண்டு விரல்ல வைங்க. பாக்குறவங்களுக்குத் தனியாத் தெரியணும்.”

நானும் போட்டுவிட்டு வெளியே வந்தேன். இவள் தெருமுனையில் நின்றிருந்த அக்காவை நோக்கி நேராக நடந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

“போட்டுட்டேன் அண்ணி” என்று கையை நீட்டினாள்.

அக்கா சுண்டு விரலில் இருந்த மையைப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நிறத்தை வைத்து எது மை, எது சாயம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்தான்.

“அன்னைக்கு நெஜமாவே திருப்பி அனுப்பிட்டாங்களா?”

“ஆமா அண்ணி.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் உன் வாசலைத் தாண்டிப் போனேன். அப்படியிருந்தும் எனக்கா போட்ட?”

“யாருக்குன்னு சொல்றதா இருந்தா அங்க மறைவு கட்டி வச்சிருக்கறது எதுக்கு?”

அழுகையோடு சிரித்தாள் அக்கா. என் கண்ணும் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்” என்றாள் அக்கா, கையை விடாமலே.

“வாங்க. ஆனா ஓட்டுக் கேட்டு வராதீங்க. எங்க வீட்டுல தீந்துபோச்சு.”