ஒரே ரோலில் அத்தையும் பச்சோந்தியும்

பட்டுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஒரு பச்சோந்தியைத் தேடி ஓடிய ஆள் உலகத்திலேயே எங்கள் அத்தை ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஓடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். கையில் அப்பாவின் சவரக் கண்ணாடி.

1991, காலாண்டுப் பரீட்சை லீவு. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் தாம்பரம் போய்க் கல்லூரியில் விலங்கியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பஸ்ஸிலிருந்து குதித்து மூச்சிரைக்க வந்தாள். நம் ஊர்ப் பாம்பு, பல்லி, தவளை வகையறாக்களைப் படம் பிடித்து, அவை என்ன செய்கின்றன என்று கவனித்து எழுதி அனுப்பினால் சென்னையில் ஒரு சங்கம் விருது தருகிறதாம். விதிகளை அன்றைக்கே நான் மனப்பாடம் செய்துவிட்டேன். பிராணியைக் கூண்டில் அடைக்கக் கூடாது. அது வாழும் இடத்திலேயே எடுக்க வேண்டும். எடுத்த படத்தில் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது.

அப்பா ஷிப்டு முடிந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். “ஓணானுக்கு அவார்டா? அப்ப நம்ம ஊர்ல வூட்டுக்கு வூடு கப்பு வெக்கணுமே!”

“ஓணான் இல்லண்ணா, பச்சோந்தி. பரிசு வாங்கிட்டா என்ன எம்.எஸ்ஸி. சேத்து வுடுவியா?”

“வாங்கினு வா, சேத்து வுடறேன்.”

அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அத்தை சிரிக்கவில்லை. “நீதான்டி சாட்சி” என்று என் தலையில் அடித்தாள். குன்றத்தூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு. பரிசு வந்தால் படிப்பு, வராவிட்டால் குன்றத்தூர். எனக்கோ அத்தை போய்விட்டால் கொல்லைப்புறத்தில் என்னோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூச்சி, பல்லி பார்க்க ஆளே கிடையாது!

எங்கள் பச்சோந்தி கொடுக்காப்புளி வேலியில் இருந்தது. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடி யோசித்து, பிறகு வைக்கும். ஒரு கண் என்னைப் பார்க்கும், இன்னொரு கண் அத்தையைப் பார்க்கும். விடியற்காலையில் கறுத்துப்போய் வெயில் காயும். வெயில் ஏறினால் இளம்பச்சை. ஒருநாள் அத்தை அதற்கு எதிரே சவரக் கண்ணாடியைப் பிடித்தாள். அவ்வளவுதான்! உடம்பு தட்டையாக விரிந்தது, தொண்டை உப்பியது, பச்சைக்குள்ளிருந்து மஞ்சள் பட்டைகள் கிளம்பின, அவற்றின் மேல் கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூத்தன. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “இதான்டி! இத வரிசையா படம் புடிச்சிட்டா போதும்!”

காமிரா? அங்கேதான் அத்தையின் மூளை வேலை செய்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அத்தையைப் படம் எடுக்கப் படப்பை ஸ்டுடியோக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியிருந்தது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம். தனக்கு நாலு போதும், மிச்சம் பச்சோந்திக்கு, கலர் ரோலாகப் போடுங்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் மொபெட்டில் வந்தார். அத்தையை மல்லிப்பந்தல் முன்னால் நிறுத்தி, “சிரிக்காதமா. ஆனா சிரிக்கிற மாரி இரு” என்று நாலு படம் எடுத்தார். நாலாவது ‘கிளிக்’ காதில் விழுந்ததும் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

நான் கண்ணாடியைப் பிடித்தேன். பச்சோந்தி விரிந்தது. “எடுங்கண்ணா! இப்ப! பட்டை வந்துடுச்சி! புள்ளி வருது, எடுங்க!” என்று அத்தை கத்தினாள்.

ஸ்டுடியோக்காரர் காமிராவுக்குள் குனிந்தபடியே, “யம்மாடி, இன்னா கலருமா இது! தலைய கொஞ்சம் தூக்கச் சொல்லேன்” என்றார். அப்பா கிணற்றடியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யோவ், அதுக்கும் மாப்ள பாக்கறியா?”

அடுத்த வாரம், போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள் நெருங்கியபோது, அத்தையும் நானும் படப்பைக்குப் போய்க் கவரை வாங்கிப் பிரித்தோம். அத்தனையும் கறுப்பு வெள்ளை.

“கலர் எங்க?” நான்தான் அலறினேன்.

“அண்ணன் கலர் வாணாம்னு சொல்டாரேமா. பிளாக் அண்ட் ஒயிட்லயே எடுத்து, மூஞ்ச மட்டும் கொஞ்சம் வெளுப்பா பண்ணிக் குடுன்னாரு.”

அப்பா காசுக்குப் பார்த்துவிட்டார் என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய இடி அடுத்துதான் இறங்கியது. எட்டுப் படத்திலும் பச்சோந்தி ஒரே மாதிரி இருந்தது. வெள்ளை வெளேரென்று, வழுவழுவென்று. பட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை.

ஸ்டுடியோக்காரருக்கு முகமெல்லாம் பெருமை. “அதுக்கும் நெகட்டிவ்ல பென்சில் போட்டு டச் பண்ணிட்டேன். பென்சில் பட்ட எடமெல்லாம் பிரிண்ட்ல வெள்ளையா வுழும். ஒடம்பெல்லாம் கருப்பு கருப்பா திட்டு. அத்தினியும் எடுத்து வுட்டேன். ரெண்டு ராத்திரி வேல!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அழவில்லை. அவள் பச்சோந்திப் படங்களைப் பார்க்கவே இல்லை. தன் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பால் நிறத்தில் யாரோ ஒருத்தி எங்கள் அத்தையின் கம்மலைப் போட்டுக்கொண்டு நின்றாள். மோவாயில் மச்சத்தைக் காணோம்.

“அண்ணா, இந்தப் பென்சில அழிக்க முடியுமா?”

“டர்பன்டைன்ல தொடச்சா போய்டும். இன்னாத்துக்கு?”

“தொடச்சி வேற பிரிண்ட் போட்டுக் குடுங்க. பச்சோந்திய எல்லாம். என்னையும்.”

“உன்னுதுமா? அண்ணன் என்ன சும்மா வுட மாட்டாருமா.”

“போட்டி விதிண்ணா. படத்துல திருத்தம் பண்ணக் கூடாது.”

“அத்தே, அந்த விதி பச்சோந்திக்குத்தானே!” என்றேன். விதிகளை மனப்பாடம் செய்தவள் நான் அல்லவா! அத்தை என் வாயைப் பொத்தினாள். பஸ்ஸில் வரும்போதும் விடாமல் வாதாடினேன். சினிமாக்காரி மாதிரி இருந்த படத்தை யாராவது அழிக்கச் சொல்வார்களா? அத்தை ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

புதுப் படங்களில் கலர் இல்லாவிட்டாலும் எல்லாம் தெரிந்தது. ஒன்றில் வெளிர், அடுத்ததில் பட்டை, அதற்கடுத்ததில் புள்ளி, கடைசியில் கன்னங்கறுப்பு. எந்த இடத்தில் என்ன நிறம் என்று அத்தை எழுதி இணைத்தாள். ஒரு கவர் சென்னைக்குப் போனது. அவளுடைய புதுப் படம் அப்பாவின் கைக்குப் போனது. அவர் அதையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கவரில் போட்டுக் குன்றத்தூருக்கு அனுப்பி வைத்தார்.

இரண்டாம் பரிசு! சான்றிதழும், தவளை பார்க்கப் பெரிய டார்ச் லைட்டும்! தெருக்கோடி வரை கத்திக்கொண்டு ஓடினேன். “சாட்சி, சாட்சி” என்று அப்பாவைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். அப்பா, “சொன்னது சொன்னதுதான்” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதே வாரம் குன்றத்தூரிலிருந்தும் ஆள் வந்து, பெண் கொஞ்சம் நிறம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அன்றைக்குச் சோற்றை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். துக்கத்தில்தான் அப்படிச் சாப்பிடுகிறாள் என்று நினைத்து, என் பங்கு அப்பளத்தையும் அவள் தட்டில் வைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: எங்கள் அத்தை இரண்டு போட்டிக்குப் படம் அனுப்பினாள், ஒன்றில் ஜெயித்தாள், ஒன்றில் தோற்றுவிட்டாள்.