கல்ஃபான் வீட்டுத் திறந்த கதவு

துபாயில் எங்கள் தெருவில் கதவைத் தாழ்போடாத ஒரே ஆள் கல்ஃபான். படகோட்டி ஓய்ந்தவர். பகலெல்லாம் வாசல் அறையில் காபியோடு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தவரிடம் ‘என்ன விஷயம்’ என்று கேட்பதே கேவலம் என்பார்.

நேற்று ஊர் சுற்றிப் பார்க்க வந்த நான்கு பேர், தோளில் கடற்கரை ஓட்டல் துண்டோடு, அவர் வீட்டை அருங்காட்சியகம் என்று நினைத்துச் செருப்புக்காலோடு நுழைந்துவிட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். கல்ஃபான் யார், என்ன என்று கேட்காமல் காபி ஊற்றினார். அவர்களில் ஒருத்தி குடித்து முடித்ததும் கோப்பைக்குள் இருபது திர்ஹாம் நோட்டைத் திணித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். விருந்தோம்பினவனுக்குக் கூலி! எனக்கே ரத்தம் கொதித்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க, கொளுத்துகிற வெயிலில் ஓட்டலுக்கே நடந்தார் கல்ஃபான். நான் பின்னாலேயே ஓடினேன். ஓட்டலின் கடற்கரை, சின்ன வயதில் அவர் வலை காயப்போட்ட மணல். அதன் வாசலில் காவலாளி மறித்தான்.

"இங்க தங்கியிருக்கவங்க மட்டும்தான் போலாம் பெரியவரே. ரூம் நம்பர் சொல்லுங்க."

குடை நிழலில் படுத்திருந்த அந்த நால்வருக்கும் கேட்கும்படி கத்தினார் கல்ஃபான்:

"அதோ கெடக்குறாங்களே, அவங்க என் வீட்டுக்குள்ள வந்தப்போ நான் எந்த நம்பரைடா கேட்டேன்?"