ரோலர் தானாக நகர்ந்த மதியம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மலாக்கா ஆற்றோரம் ஒரு சரக்குக் கடையில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, வேலை பார்த்தவன், கண்ணால் பார்த்ததையே இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வேன். நீங்களும் அப்படிப்பட்டவர் என்றால் இதை நம்ப வேண்டாம், கேட்டால் போதும். இது இரவில் நடக்கவில்லை, சுடுகாட்டிலும் நடக்கவில்லை. உச்சி வெயிலில், காஜா பெராங்கில், பிள்ளைகள் விளையாடுகிற திடலில் நடந்தது.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த வருடம். கம்போங் செட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு புதர்க்காடு கிடந்தது, சேவல் சண்டைக்கும் சூதாட்டத்துக்கும்தான் அந்த இடம் பயன்பட்டது. பிள்ளைகள் எல்லாம் ரோட்டில் பந்து விளையாடி லாரிக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கமிட்டி அமைத்து, அந்த நிலத்தைத் திடலாக்கித் தரும்படி நகராட்சிக்கு மனு போட்டோம். கமிட்டித் தலைவர் கம்போங் செட்டிக்காரர், பிள்ளை என்று கூப்பிடுவோம், பல தலைமுறைக்கு முன்பே மலாய்க்கு மாறிவிட்ட மலாக்காச் செட்டிகளில் ஒருவர், தமிழ் வராது, என்னோடு மலாயில்தான் பேசுவார். நான் செயலாளர். நகராட்சி நிலத்தைக் கொடுத்தது, புல்தரையைச் சமன்படுத்தப் பழைய இரும்பு ரோலர் ஒன்றையும் கொடுத்தது. ஊஞ்சல், சறுக்குமரம், பிள்ளைகளின் மாலை விளையாட்டுக்கான செலவு எல்லாம் எங்கள் பொறுப்பு. வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஊஞ்சலுக்கு மரமும் இரும்பும் ஒரு முஸ்லிம் கடைக்காரர் இனாமாகக் கொடுத்தார், செட்டிப் பெண்கள் பலகாரம் செய்து விற்றுக் கொடுத்தார்கள். மெர்டேக்கா விளையாட்டுப் போட்டியை அங்கே நடத்திக் காட்ட வேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார், திருப்தி என்றால் திடல் காவலாளிக்கு நகராட்சியே சம்பளம் கொடுக்கும். இதுதான் பேச்சு.

அந்தக் காவலாளி வீரையா. புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், இருந்தாலும் என்னைக் 'கிராணிங்க' என்றுதான் கூப்பிடுவார். அந்த ரோலரை நகர்த்த நான்கு ஆள் வேண்டும். வீரையா மட்டும் கைப்பிடியை நெஞ்சில் முட்டுக்கொடுத்துத் தனியாகத் தள்ளுவார். எனக்குத் தெரிந்து வேறு யாரும் அப்படித் தள்ளியதில்லை.

திடல் வந்ததில் ஒருவனுக்குப் பிழைப்பு போனது. அவன் பெயர் என்னவோ, ஊரில் சங்கிலி என்றுதான் சொல்வார்கள், சைக்கிள் செயினை இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிகிற சம்செங், ரவுடி. சேவல் சண்டை நடத்தியது அவன்தான். போட்டியன்று திடலில் கடை போடுகிறவர்கள் எல்லாம் தன் ஆட்களாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். நாங்கள் பதில் அனுப்பவில்லை.

போட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு மாலை, ஐந்து மணி இருக்கும், அவனே இரண்டு பேரோடு வந்தான். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், வீரையா ஊஞ்சல் பக்கம் நின்றார். நான் சாமான் கொட்டகைக்குள் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவர்களைப் பார்த்ததும் கதவை உள்ளிருந்து சாத்திவிட்டேன். இதை மறைத்துச் சொன்னால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

பலகை இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது.

"கிராணி எங்க?" என்றான் சங்கிலி.

"தெரியாதுங்க."

"கொட்டாய் சாவிய குடு. இனிமே நான் வச்சிக்கிறேன்."

"அது கமிட்டி சாவிங்க. நான் குடுக்க முடியாது."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது, அது வீரையாவுக்குத் தெரியும், நான் எங்கே இருக்கிறேன் என்பதும் தெரியும். கொட்டகைப் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

செயின் அவர் முகத்தில் விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போன்ற சத்தம். பிள்ளைகள் சிதறி ஓட, ஒரு சின்னப் பெண் மட்டும் ஊஞ்சலிலேயே உறைந்து உட்கார்ந்திருந்தாள். வீரையா முகத்தில் ரத்தம் வழிய அவளைத் தூக்கிக் கீழே இறக்கி, "ஓடு பாப்பா" என்றார். அவர் குனிந்திருந்த அந்த நேரத்தில்தான் கூட வந்தவனில் ஒருவன் பாராங் கத்தியை அவர் தோளில் இறக்கினான். ஒரு முறை இல்லை. விழுந்த பிறகும் சங்கிலி செயினால் அடித்துக்கொண்டே இருந்தான், கை வலித்ததோ என்னவோ, நடுவில் நிறுத்திக் கையை உதறிவிட்டு மறுபடி அடித்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகுதான் வெளியே வந்தேன். தோள்பட்டை பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. என் சட்டையைக் கழற்றி அடைத்து, பெச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போலீஸ், மாத்தா என்போம் நாங்கள், வந்து கேட்டார்கள். பிள்ளைகளின் பெற்றோர் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்றேன்.

வீரையா நினைவு திரும்பாமல் கிடந்தார். கமிட்டி கூடியபோது பாதிப் பேர் போட்டியே வேண்டாம் என்றார்கள். தலைவர் பிள்ளை மலாயில் மெதுவாகச் சொன்னார், நாம் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினோம், இப்போது திடலைப் பூட்டினால் அடுத்த முறை எந்தக் கதவும் திறக்காது என்று. போட்டி நடத்துவது என்று முடிவானது. ஓட்டப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, கடையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் நல்ல மழை, அன்று வெயில் தீயாக அடித்தது, திடலில் ஒரு ஈ காக்கை இல்லை. ரோலர் கோடியில் ரம்புத்தான் மரத்தடியில் கிடந்தது. அதன் கைப்பிடி, யாரும் பிடிக்காதபோது கிடப்பதுபோல, தரையில் சாய்ந்து கிடந்தது. இதை நான் கவனித்தேன், ஏனென்றால் கோட்டை அந்த மரத்தடியிலிருந்துதான் தொடங்கினேன், கைப்பிடி தடுக்கக் கூடாதே என்று தாண்டிப் போனேன்.

சுண்ணாம்பு வாளியோடு திடலின் நடுவுக்கு வந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு உதை. முகம் குப்புற விழுந்தேன். திரும்பினால் சங்கிலி, தனியாக வந்திருந்தான்.

"மாத்தாகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலண்ணே."

"தெரியும். நீ சொல்லமாட்ட. அதான் தைரியமா வந்தேன். சாவி எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் செயின் வாயில் விழுந்தது. முன்பல் இரண்டு அப்போதே போயிற்று, பாருங்கள், இது கட்டிய பல். முட்டிபோட்டு எழப் பார்த்தேன், செயினைக் கழுத்தில் சுற்றி இழுத்தான். சாவியைக் கொடுத்திருப்பேன், பொய் சொல்லவில்லை, கையை எடுத்துப் பைக்குள் விடக்கூட முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டுக்குள் நான் வீரையாவை நினைத்தேன். கூப்பிடவில்லை, நினைத்தேன், அவ்வளவுதான்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஈரப்புல்லின் மேல் இரும்பு உருளும் சத்தம்.

சங்கிலிக்கும் கேட்டது. செயினைத் தளர்த்தித் திரும்பினான். ரோலர் திடலின் குறுக்கே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. வேகமாக இல்லை, ஒரு ஆள் தள்ளினால் எவ்வளவு வேகம் வருமோ அவ்வளவு. பின்னால் யாரும் இல்லை. நம்பினால் நம்புங்கள், கைப்பிடி தரையில் இழுபடவில்லை. ஒரு மனிதனின் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி, காற்றில் அப்படியே நின்றபடி வந்தது.

அவன் முதலில் சிரித்தான். "யார்டா அது, எழுந்து வாடா" என்றான், யாரோ குனிந்து மறைந்துகொண்டு தள்ளுகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். ரோலர் பக்கத்தில் வந்தது. அதை நிறுத்துவதற்காக, பந்தை நிறுத்துவதுபோல, ஒரு காலைத் தூக்கி அதன் மேல் வைத்தான். சுழலும் இரும்பு செருப்போடு பாதத்தைக் கீழே இழுத்துக்கொண்டது. அவன் மல்லாக்க விழுந்தான். ரோலர் நிற்கவில்லை, கணுக்கால், முழங்கால் என்று ஏறிக்கொண்டே போனது, ஒவ்வொரு எலும்பும் உடைகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. அவன் அலறல் மனிதக் குரலாகவே இல்லை. என் பக்கம் கையை நீட்டினான், நான் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தேன்.

தொடையருகே ரோலர் நின்றது. "போதும்" என்று கத்தினேன்.

அது மெல்லப் பின்னால் போனது. காலை விட்டு இறங்கி, நான்கைந்து அடி தள்ளி நின்றது. கைப்பிடி இன்னும் அதே உயரத்தில்தான். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, என்னுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை. அவன் முழங்கைகளை ஊன்றி நகரப் பார்த்தான், இடுப்புக்குக் கீழே ஒன்றும் அவன் சொல்லைக் கேட்கவில்லை.

பிறகு ரோலர் மறுபடி முன்னால் வந்தது. இந்த முறை நெஞ்சுவரை ஏறியது. அலறல் பாதியில் அறுந்தது. கைப்பிடி தடால் என்று புல்லில் விழுந்தது. அதன் பிறகு அது வெறும் இரும்பு.

போலீஸ் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள். மழையில் மண் இளகி ரோலர் உருண்டுவிட்டது, விபத்து என்று எழுதினார்கள். மறுநாள் திடலை மட்டம் வைத்துப் பார்த்த ஆள் என்னைத் தனியே கூப்பிட்டு, "இங்க கோலிக்குண்டு வச்சாக்கூட உருளாதே கிராணி" என்றார். நான் வாயில் போட்டிருந்த கட்டைக் காட்டிப் பேச முடியாது என்று சைகை செய்தேன். சங்கிலியின் ஆட்கள் அதன் பிறகு மலாக்காவிலேயே இல்லை.

சம்பவம் நடந்த அன்று சாயங்காலமே என் வாய்க்குத் தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போனவன், அப்படியே வீரையாவின் வார்டுக்கும் போனேன். அங்கே இருந்த தமிழ் மிஸ்ஸி, நர்ஸ், கோபமாக இருந்தாள்.

"மத்தியானம் நீங்கதான் வந்தீங்களா? யார் கட்டிலை இழுத்தது?"

வீரையாவின் கட்டில் இருந்த இடத்தில் இல்லை. வார்டின் குறுக்கே போய் எதிர்ச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. அவருக்குத் தோளில் போட்ட தையல் அத்தனையும் தெறித்து, புதிதாகக் கட்டுப் போட்டிருந்தார்கள். நினைவு இல்லாதவர் கட்டில் கம்பியை அப்படிப் பிடித்திருந்தாராம், விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற நேரம், பன்னிரண்டரை என்றாள். திடலில் ரோலர் நகர்ந்ததும் அதே நேரம்தான்.

போட்டி நடந்தது. புல்லைக் கழுவி, புது மண் போட்டு, அதன் மேல் பிள்ளைகள் சாக்கு ஓட்டம் ஓடினார்கள். அதிகாரிக்குத் திருப்தி. நகராட்சிச் சம்பளம் வந்தது, வீரையா மூன்று மாதத்தில் எழுந்து வந்து அதே வேலையில் சேர்ந்தார். இடது கை மட்டும் தோளுக்கு மேல் தூக்க வராது. சங்கிலி செத்ததைச் சொன்னபோது, "ஐயோ, அவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே" என்றார். அந்த மதியத்தைப் பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வருடங்கள் ஓடின. ஊஞ்சல்கள் இரண்டு முறை மாறின.

அவர் வேலையை விட்டுப் போகிற வாரம், ஒரு பகல் நேரத்தில், வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"வீரையாண்ணே, ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

"கொஞ்சங்க."

"அன்னைக்கு நான் போதும்னு கத்தினேன். அது காதுல விழுந்துச்சா?"

அவர் கத்தரியை நிறுத்தி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, குற்றம் சொல்கிற பார்வையும் இல்லை. சொன்ன வேலையை ஒழுங்காக முடித்த ஆள் பார்ப்பதுபோல இருந்தது.

"இல்லைங்களே கிராணி. கால் போனதும் நானா நிறுத்திட்டேங்க, பின்னால வந்துட்டேன். இன்னொரு தடவைன்னு நீங்கதானே சொன்னீங்க."

மறுபடி செடியை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் கத்தியது 'போதும்' என்றுதான். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் அதைக் கேட்க அன்று அந்தத் திடலில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். ஒருவன் செத்துப்போனான், இன்னொருவர் இப்படிச் சொல்கிறார்.