ஒழுகிய டீசலும் போர்மேன் மூக்கும்

போன வாரம் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். ஏசி அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, கையகலத் திரை ஒன்றை நீட்டி, டீசல் லைன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றான் ஒரு பையன். காருக்கு அடியில் அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்நேரம் யாரோ கதவைத் திறக்க, வெளியிலிருந்து லேசாக டீசல் வாடை வந்தது. அவ்வளவுதான், ஆள் சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு (முடித்து என்பது சும்மா ஒரு பேச்சுக்கு, இரண்டு அரியர் பாக்கி) அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். எந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏறுகிறது என்று எழுதுவது என் வேலை. கந்தகம், பசை, புது அட்டைப்பெட்டி மூன்றும் கலந்த ஒரு வாடை உண்டே, அது சட்டையில் ஏறினால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. மதுரை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமலேயே சிவகாசியா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

எங்கள் பெட்டிகளை குடோனுக்கு அடித்தது கருப்பசாமி அண்ணனின் பழைய டீசல் பிக்கப். இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். தீபாவளிக்கு முந்தின மூன்று மாத சீசன் லோடுதான் அவருக்கு வருஷத்துச் சோறு. மற்ற மாதங்களில் வண்டி பாதி நாள் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

ஓர் ஆடிமாதச் செவ்வாய்க்கிழமை காலை, அந்த வண்டியை கேட்டிலேயே மறித்துவிட்டார் எங்கள் போர்மேன். கேட்டில் நின்று ஆள், வண்டி ஒன்றுவிடாமல் மோந்து பார்ப்பார். முதல் நாள் ராத்திரி குடித்த பீடியை மறுநாள் காலையில் கண்டுபிடிக்கும் மூக்கு அது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னார்:

"டீசல் ஒளுகுது. இந்த வாடையோட என் கேட்டுக்குள்ள வராதலே. வியாளக்கிளமைக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா சீசனுக்கு வேற வண்டி சொல்லிருவேன்."

அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. அவருடைய மெக்கானிக்கோ அன்று விடியற்காலைதான் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடைப்பயணம் கிளம்பியிருந்தார். ஆடிக் கடைசி வெள்ளி கும்பிட்டு, சனிக்கிழமைதான் திரும்புவார். வேறு ஆள் கை வைத்தால் வண்டிக்கு ஆகாது என்பது அண்ணன் கட்சி. அவர் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது.

"நீங்கதான் மிசினு படிச்சிருக்கீகள்ல, தம்பி. அடியில என்னன்னு பாருங்க."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பார்த்துவிடலாம் என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

வண்டியைக் காலி மனைக்குக் கொண்டுபோய், எஞ்சினை அணைத்து, அடியில் படுத்தோம். ஓடும்போது காற்று டீசலைப் பின்னால் அடித்திருந்ததால் அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் புழுதியும் அப்பிக்கிடந்தது. துடைத்தோம். டேங்கிலிருந்து எஞ்சின் வரைக்கும் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஒரு சொட்டு விழவில்லை. சரியாகிவிட்டது என்று கேட்டுக்குப் போனோம். போர்மேன் மூக்கைச் சுளித்தார்.

புதன்கிழமை எனக்கு ஒரு யோசனை. அண்ணன் மனைவி செல்வி அக்காவுக்கு அச்சாபீசில் வேலை. அங்கே கழித்துப்போட்ட ராக்கெட் லேபிள்களை வாங்கிவந்து, கீற்றுக் கீற்றாகக் கிழித்து, குழாய் நெடுகக் கட்டினேன். எந்தக் கீற்று நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. படிப்பு என்றால் படிப்புதான் என்று அண்ணன் மெச்சினார். மறுபடி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அத்தனையும் காய்ந்தே இருந்தன. காகிதத்தோடு வண்டியைக் கிளப்பினால் ஆபத்து என்று எல்லாவற்றையும் பத்திரமாக அவிழ்த்துவிட்டுக் கிளப்பினோம். கேட்டில் அதே மூக்கு, அதே சுளிப்பு.

சாயங்காலம் செல்வி அக்கா தூக்குவாளியோடு வந்து, அடியில் கிடந்த எங்கள் நான்கு கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, மிசின நிப்பாட்டிட்டு மை ஒளுகுதான்னு பாத்தா எப்படித் தெரியும்? வண்டிய ஓடவிட்டுப் பாத்தீகளா?"

பாருங்கள், எங்களுக்குத் தோன்றவே இல்லை. பட்டாசுக் கம்பெனியில் வண்டி நின்றதும் முதல் காரியம் எஞ்சினை அணைப்பது. டீக்கடையிலும் அணைப்போம், கோயில் வாசலிலும் அணைப்போம். அந்தப் பழக்கத்தில் இரண்டு நாளும் அணைத்து அணைத்தே ஒழுகலைத் தேடியிருக்கிறோம்.

சைலன்சர் பக்கம் விட்டுவிட்டு மற்ற இடங்களில் கீற்றுகளைக் கட்டி, அண்ணன் எஞ்சினைக் கிளப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, என் மூஞ்சிக்கு நேர் மேலே ஒரு கீற்று கறுத்து நனைந்தது. எஞ்சினில் மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பிவருகிற ரப்பர் குழாய், கிளிப்பை ஒட்டி வெடித்திருந்தது. எஞ்சின் ஓடினால்தான் அதில் டீசலே வரும். பரீட்சையில் படம் போட்டபோது நான் விட்டுவிட்டு வந்த குழாயும் அதுதான். அரியர் சும்மா வைக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் புதுக் குழாயும் இரண்டு கிளிப்பும் போட்டு, வண்டி முழுவதையும் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். கேட்டில் போர்மேன் பானெட்டை மோந்தார், குனிந்து அடியை மோந்தார், டயரைக்கூட விடவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் போர்மேன் என் பக்கம் வந்து நின்றார்.

"வண்டி உள்ள போகட்டும். நீ வெளிய நில்லு."

இரண்டு நாள் டீசல் என் தலையிலும் சட்டையிலும்தான் இருந்தது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே மனசு மாறிவிடுவாரோ என்ற பயத்தில் வண்டியை விருட்டென்று உள்ளே விட்டார். அந்த சீசன் முழுக்க அவர்தான் லோடு அடித்தார். நான் அன்றைக்கு நடந்தே வீட்டுக்குப் போனேன், பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். வழியெல்லாம் போர்மேனைத் திட்டாத திட்டில்லை.

பிக்கப்பைப் பின்னால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாயிற்று. அண்ணனும் அக்காவும் மகனோடு திருப்பூரில் இருக்கிறார்கள். கம்பெனி கைமாறி, பிறகு மூடிவிட்டது. கேட் இருந்த இடத்தில் முள் மண்டிக்கிடக்கிறது. போர்மேன் போய்ச் சேர்ந்த சேதியே எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவரிடம் ஒரு நல்ல வார்த்தை நான் சொன்னதில்லை. அங்கே வேலை பார்த்த ஆறு வருஷமும், காலையில் அந்தக் கேட்டுக்குள் போன அத்தனை பேரும் சாயங்காலம் எங்கள் காலால் நடந்து வெளியே வந்தோம்.